சுமைதாங்கியின் உயரம்

கொடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பாறையில் பூண்டு ஊன்றும் நாளில் மேல்படித் தோட்டத்தில் நின்று கீழே பார்த்தால் ஆள் முகம் தெரியாது. வரிசையாக முதுகுகள்தான் தெரியும். முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து மடிந்து, இடக்கையில் பூண்டுப் பல் நிறைந்த சட்டியைப் பிடித்திருப்பார்கள். வலக்கை சட்டிக்கும் மண்ணுக்கும் போய் வந்துகொண்டே இருக்கும். மேகம் வந்து மூடும், விலகும். முதுகுகள் அப்படியே இருக்கும். ஒரு பாத்தி முடிந்த பிறகுதான் வரிசையில் ஓர் அக்கா எழுந்தார். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, பழைய கதவைத் திறப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக.

"குனியும்போது வலிக்குதாக்கா?" என்று கேட்டேன்.

"குனிஞ்சா ஒண்ணும் தெரியாது தம்பி. நிமிர்றப்பத்தான் உசுரு போகுது."

நான் சொல்ல வந்ததில் பாதியை அவரே சொல்லிவிட்டார். குனிவது குற்றமில்லை. குனியவும் திரும்பவும் வேண்டும் என்பதால்தான் முதுகு ஒரே கம்பாக இல்லாமல் துண்டு துண்டாகக் கோத்த மாலைபோல் இருக்கிறது. குனிந்த இடத்திலேயே நின்றுவிடுவதும், அப்படி நின்ற உடம்பை உடனே கனமான வேலைக்கு இழுப்பதும்தான் வம்பு. முழுக்கக் குனிந்தபின் முதுகுத் தசைகள் பிடியை விட்டு ஓய்ந்துபோகின்றன. பாரம் எலும்புகளைக் கட்டிவைத்திருக்கும் இணைப்பு நார்களின் மேல் இறங்குகிறது. தசை ஓய்வில் இருப்பதால் வலி தெரிவதில்லை. நார் மட்டும் சத்தமில்லாமல் நீண்டுகொண்டிருக்கும்.

கயிற்றுக் கட்டிலில் நெடுநேரம் படுத்தவர் எழுந்துபோன பிறகும் கயிறு கொஞ்ச நேரம் தொய்ந்தே கிடக்குமல்லவா, முதுகும் அப்படித்தான். கனடாவில் 1992இல் வெளியான ஓர் ஆய்வில் ஆட்களை 20 நிமிடம் முழுக்கக் குனிந்த நிலையில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். எழுந்த முதல் 2 நிமிடத்தில் தொய்வில் பாதி சரியானது. மீதி, அரை மணி கழித்தும் முழுதாகத் திரும்பவில்லை. பாத்தி முடிந்ததும் மூட்டையைத் தூக்குகிறவர்கள் தொய்ந்த கட்டிலில்தான் பாரம் ஏற்றுகிறார்கள்.

பாரம் எவ்வளவு என்பதையும் அளந்திருக்கிறார்கள். 1999இல் ஜெர்மனியில், விருப்பத்தோடு முன்வந்த ஒருவரின் இடுப்புப் பக்க முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டுக்குள் மெல்லிய அழுத்தமானியைச் செருகி நாள் முழுக்கக் கவனித்தார்கள். நிற்கும்போது இருந்த அழுத்தத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டால், சும்மா குனிந்து நின்றபோது இரண்டுக்கும் மேல். 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கியபோது நான்கரைக்கும் மேல். அதே 20 கிலோவை முழங்காலை மடக்கித் தூக்கியபோது ஏறத்தாழ மூன்றரை. தூக்கிய பொருளை உடம்போடு ஒட்டிப் பிடித்தபோது இரண்டுக்குச் சற்று மேல். கையை நீட்டித் தள்ளிப் பிடித்ததும் அது மூன்றரையைத் தாண்டியது. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் இதில் நமக்கு உதவும் ஒரு செய்தி இருக்கிறது. பொருளின் கனத்தைப் போலவே, அது வயிற்றிலிருந்து எத்தனை சாண் தள்ளி இருக்கிறது என்பதும் முக்கியம்.

தோட்டத்தில் என்ன செய்யலாம்? கடிகாரம் பார்க்க யாருக்கும் நேரமில்லை, அதனால் பாத்திக் கணக்கே போதும். நீளப் பாத்தியாக இருந்தால் பாதியில் ஒரு கம்பு நட்டுக்கொள்ளுங்கள். கம்பு வந்ததும் நிமிர்ந்து, உள்ளங்கைகளை இடுப்பின் பின்புறம் வைத்து, மெதுவாக ஐந்தாறு தடவை பின்னால் வளையுங்கள். பிறகு குனிகிற விதத்தை மாற்றுங்கள். ஒரு வரிசை நின்று குனிந்தால் அடுத்தது குந்தி, அதற்கடுத்தது மடித்த சாக்கின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி. எந்த ஒரு நிலையும் உயர்ந்ததில்லை. மாற்றிக்கொண்டே இருப்பதில்தான் லாபம். வேலை முடிந்து மூட்டை தூக்கப் போகும் முன் ஐந்து நிமிடம் சும்மா நடந்துவிட்டு வாருங்கள். டீ குடிக்கப் போவதும் இந்தக் கணக்கில் சேரும்.

இன்னொன்றும் உண்டு. இரவில் படுத்திருக்கும்போது அந்தத் தட்டுகள் நீர் உறிஞ்சிப் பருக்கும். காலையில் நாம் இரவில் இருந்ததைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக எழுகிறோம். உப்பிய தட்டுக்குக் குனிவது அதிக இழுப்பு. விடியலில் கேரட் மூட்டையை வண்டியில் ஏற்றுவது இந்த மலையில் தவிர்க்க முடியாததுதான். எழுந்தவுடனே ஏற்றாமல், முதல் ஒரு மணி நேரத்தை நின்றும் நடந்தும் செய்கிற வேலைகளுக்கு ஒதுக்கிப் பாருங்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களில் பலருக்கு, காலைக் குனிவைக் குறைத்ததிலேயே வலி குறைந்ததாக ஆய்வு இருக்கிறது. செலவில்லாத மருந்து.

கணையின் நீளம்

கலிபோர்னியாவின் லெட்டூஸ் தோட்டங்களில் மெக்சிக்கத் தொழிலாளர்கள் கையில் ஒரு களைக்கொத்து இருந்தது. பிடி ஒரு அடிக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். 'எல் கோர்ட்டிட்டோ' என்பார்கள், குட்டையன் என்று பொருள். நாளெல்லாம் மடிந்து நின்றால்தான் அதால் வேலை செய்ய முடியும். நீளப் பிடி போட்டால் பயிர் சேதமாகும் என்று பண்ணை முதலாளிகள் சொன்னார்கள். மேற்பார்வை பார்ப்பவருக்கு அதில் வேறு வசதியும் இருந்தது: நிமிர்ந்து நிற்கிற ஆள் வேலை செய்யவில்லை என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். முதுகு போன தொழிலாளர்கள் வழக்காடினார்கள். 1975இல் கலிபோர்னியா அந்தக் கருவியைத் தடை செய்தது. பயிர் ஒன்றும் அழிந்துபோகவில்லை.

நம் களைக்கொத்தின் பிடி பல வீடுகளில் ஒரு சாண்தான். இங்கே யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அப்பா வைத்திருந்த அளவு, அவ்வளவுதான் காரணம். களை சுரண்ட நின்றபடி இழுக்கும் கருவியானால் அதன் கணை உங்கள் நெஞ்சு உயரம் வரட்டும். மம்பட்டிக்கு அவ்வளவு நீளம் ஆகாது, ஓங்க முடியாது. தரையில் ஊன்றினால் இடுப்புக்காவது எட்ட வேண்டும். வீட்டுக்காரர் உயரத்துக்குப் போட்ட கணையை வீட்டுக்காரம்மாவும் பிடிப்பதுதான் வழக்கம். இரண்டு பேருக்கு இரண்டு கணை என்பது பெரிய செலவில்லை.

படி வெட்டிய தோட்டத்துக்கென்று ஒரு சலுகை உண்டு. கீழ்படியில் நின்றுகொண்டு மேல்படியின் ஓரத்தில் வேலை செய்தால் மண் முழங்காலுக்கோ இடுப்புக்கோ வந்துவிடுகிறது, குனிய வேண்டியதில்லை. கையெட்டும் ஓர முழம் அகலத்தை இப்படி முடிக்கலாம். சரிவான காட்டில் மேலே பார்த்து நின்று கொத்துவதும் இடுப்புக்கு நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு கொத்துக்கும் மண் கீழே இழுபடும். மழைக்கு முன் அப்படிச் செய்தால் முதுகு பிழைக்கும், மேல்மண் பள்ளத்துக்குப் போகும். எதை எப்போது என்று தோட்டக்காரருக்குத்தான் தெரியும்.

சும்மாடும் காவடியும்

1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். மோட்டார் பாதை வரும்வரை பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஆட்கள்தான் எல்லாவற்றையும் மேலே சுமந்தார்கள். நடக்க முடியாத துரைகளையும் நாற்காலியோடு சேர்த்துச் சுமந்தார்கள். அதே ஒற்றையடிப் பாதை வழியில் இருக்கும் வெள்ளகவிக்கு நெடுங்காலம் குதிரையும் மனிதத் தலையும்தான் வண்டி. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களில் இன்றும் விறகுக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு, இரண்டு கையையும் வீசிப் பேசிக்கொண்டே இறங்கிப் போகும் பெண்களைப் பார்க்கலாம்.

அந்த நடையைப் பார்த்து, 'தலைச்சுமைதான் நல்ல நிமிர்வுக்குப் பயிற்சி' என்று பட்டணத்துப் பத்திரிகைகள் அவ்வப்போது எழுதும். பாதி உண்மை. கென்யப் பெண்களிடம் செய்து 1986இல் வெளியான ஆய்வில், தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் சுமந்தபோது அவர்களின் உடம்பு கூடுதலாக மூச்சே செலவழிக்கவில்லை. ஆனால் அவர்கள் சிறு வயதிலிருந்தே பழகியவர்கள். அந்த ஐந்தில் ஒரு பங்கு என்பது 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 10 கிலோதான். நம் விறகுக்கட்டு அந்த அளவில் நிற்பதில்லை. மூச்சு மிச்சமாவதால் கழுத்தெலும்பும் தப்பித்தது என்று ஆகாது. சும்மாட்டைத் தடிமனாக, அகலமாகச் சுற்றுங்கள். பாரம் உச்சிக்கு நேராக உட்காரட்டும். கனத்தைக் கூட்டுவதற்குப் பதில் ஒரு நடை கூட்டுங்கள். தலையில் பாரம் இருக்கும்போது குனிந்து எதையும் எடுக்க வேண்டாம். செருப்பு அறுந்தால்கூட இறக்கிவிட்டுத்தான்.

பழநிக்கு வருகிறவர்களுக்கு இடும்பன் கதை தெரியும். சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைக் கம்பின் இரு முனையிலும் கட்டித் தோளில் தூக்கி வந்தவன். அந்தத் தொழில்நுட்பத்தைப் பக்திக்கு மட்டும் விட்டுவைத்திருக்கிறோம் என்பது என் குறை. பாரத்தை இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் தொங்கவிட்டால் முதுகெலும்பு ஒரு பக்கம் சாய வேண்டியதில்லை. ஒரு தோளில் பெரிய பையோடு அடிவாரத்தில் அலையும் சுற்றுலாக் குடும்பத் தலைவர்கள், அதையே இரண்டு சின்னப் பையாக்கி இரண்டு கையில் பிடித்தால் சாயங்காலம் கழுத்து திரும்பும். மலைக்கோயிலின் 693 படிகளில் ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டுக்குச் சோதனை. செயற்கை மூட்டுக்குள் அளவி வைத்துப் பார்த்ததில், சமதரையில் நடக்கும்போது முழங்காலில் உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு, படி ஏறும்போது மூன்று மடங்குக்கு மேல், இறங்கும்போது ஏறத்தாழ மூன்றரை மடங்கு பாரம் விழுந்தது. மூட்டு வலி இருந்தால் ஏறுவதைப் படியில் வைத்துக்கொண்டு, இறங்குவதற்கு யானைப் பாதையையோ விஞ்ச்சையோ பிடியுங்கள். முருகன் கோபிக்க மாட்டார்.

இப்போது சுமைதாங்கிக் கல். பழைய நடைபாதை ஓரங்களில் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருக்கும். வயிற்றில் பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது தமிழ்நாட்டு வழக்கம். தலையிலும் தோளிலும் பாரத்தோடு வருகிறவர், இன்னொருவர் கை கொடுக்காமலே, குனியாமலே பாரத்தை அதில் நகர்த்தி இளைப்பாறலாம். திரும்ப ஏற்றிக்கொள்ளும்போதும் குனிய வேண்டாம். பாரம் தரைக்கே போகவில்லை என்பதுதான் இதன் சூட்சுமம். முதுகைக் கெடுப்பது பெரும்பாலும் சுமந்து நடப்பதல்ல, தரையிலிருந்து எடுக்கிற அந்த மூன்று நொடி.

ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தரும் கணக்கில் ஓர் ஆள் தனியாகத் தூக்கச் சொல்லும் உச்சம் 23 கிலோ. அதுவும் இடுப்பு உயரத்தில், உடம்போடு ஒட்டி, திரும்பாமல் தூக்கினால்தான். தரையிலிருந்து என்றால் அதற்கும் குறைவு. காய்கறியை 25 கிலோவுக்குள் மூட்டை கட்டச் சொல்லி மண்டியில் பேசிப் பார்ப்பது ஒரு வழி, நடக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வண்டி வந்து நிற்கும் இடத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் மேடை கட்டுவது அடுத்த வழி. அது உங்கள் கையில் இருக்கிறது. அறுவடை முடிந்து மூட்டை கட்டுவதே அந்த மேடையின் மேல் நடக்கட்டும். பூண்டு தரம் பிரிப்பதும், கேரட் கழுவுவதும், அடுக்களையில் காய் நறுக்குவதும், விடுதி அறையில் விருந்தாளியின் பெட்டி வைப்பதும் எல்லாம் இந்தக் கணக்குத்தான். அரிவாள்மனையில் குந்தி உட்கார முடிகிறவர் உட்காரலாம், நல்ல பழக்கம். எழும்போது சுவரைப் பிடிக்கிற நிலை வந்துவிட்டால் மேடைக்கு மாறிவிட வேண்டும்.

குளிர் போடும் கூன்

டிசம்பர், சனவரி இரவுகளில் ஏரிக்கரைப் பக்கம் நிற்கிற எல்லோரும் ஒரே ஆளைப்போல் இருப்பார்கள். தோள் காதைத் தொடும், கழுத்து உள்ளே போயிருக்கும், கை கக்கத்தில். குளிருக்கு உடம்பு செய்யும் இயல்பான வேலைதான். ஆனால் அதை நான்கு மாதம் செய்தால் கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் தசை இறுகி, பின்மண்டையில் தொடங்கி நெற்றிக்கு வரும் தலைவலியாக வெளிப்படும். 'கொடைக்கானல் குளிர் ஒத்துக்கல, தலை வலிக்குது' என்று மாத்திரை போடுகிறவர்களில் சிலருக்கு வேண்டியது மப்ளர்தான். கழுத்து சூடாக இருந்தால் தோள் தானாக இறங்கும். கனமான ஒரு கோட்டுக்குப் பதில் மெல்லியதாக இரண்டு மூன்று உடுப்பு நல்லது. கோட்டே சில சமயம் தோளுக்குச் சுமை. மணிக்கொருதரம் தோளை வேண்டுமென்றே காது வரை தூக்கி, மூச்சை விட்டபடி பொத்தென்று போடுங்கள்.

சுருண்டு உட்கார்ந்தால் மூச்சும் சுருங்கும். விலாவும் உதரவிதானமும் விரிய இடம் கிடைக்காது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே காற்றழுத்தம் ஐந்தில் நான்கு பங்குகூட இல்லை. கிடைக்கிற காற்றையாவது முழுதாக இழுக்க வேண்டாமா? இரவு வயிறு நிறையச் சாப்பிட்டுக் கம்பளிக்குள் சுருண்டால் நெஞ்செரிச்சல் வருவதும் இந்தக் குறுகலால்தான். சாப்பிட்டபின் கால் மணி நேரம் வீட்டுக்குள்ளேயே உலாத்துங்கள்.

உட்காருவதும் நிற்பதும்

மதுரையிலிருந்து மலைக்கு வந்த ஒரு பயணத்தை நான் இன்னும் மறக்கவில்லை. நான்கு மணி நேரம் வளைவுக்கு வளைவு சாய்ந்து, பாதித் தூக்கத்தில் வாழைப்பழத் தோல்போல் சரிந்து உட்கார்ந்திருந்தேன். பஸ் நின்றதும் இறங்கி, முதல் வேலையாகப் பெட்டியை இழுத்துத் தூக்கினேன். 'டக்'கென்று ஒரு சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. மூன்று நாள் விடுதிக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பூண்டுப் பாத்திக்குச் சொன்னதேதான் பஸ்ஸுக்கும்: இறங்கியவுடன் தூக்காதீர்கள். முதலில் ஒரு டீ. நடுவில் பஸ் நிற்கும் இடத்தில் எல்லாம் இறங்கி நில்லுங்கள். இருக்கைக்கும் இடுப்புக்கும் நடுவே மடித்த துண்டு ஒன்றைச் செருகுங்கள்.

உட்கார்ந்தே இருப்பதன் கெடுதல் முதுகோடு நிற்பதில்லை. 1953இல் லண்டனில் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் மாடிப் பேருந்து ஊழியர்களை ஒப்பிட்டுப் பார்த்தார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைவிட, படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஒரே பஸ், ஒரே புகை. வேறுபட்டது பெரும்பாலும் உட்காருவதும் நடப்பதும்தான். பிறகு வந்தவர்கள் இதில் வேறு காரணங்களும் கலந்திருப்பதைக் காட்டினார்கள் என்றாலும், அடிப்படைச் செய்தி நிலைத்துவிட்டது.

அதற்காக நின்றே கிடப்பதும் தீர்வில்லை. ஏழு ரோடு சந்திப்பைச் சுற்றியுள்ள சாக்லேட், தைலக் கடைகளில் சீசன் நேரத்தில் காலை முதல் இரவு வரை நிற்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். காலில் நரம்பு சுருட்டும், குதிகால் எரியும், இடுப்பு முன்னால் தள்ளும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தப்படி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும். கேட்பது சலுகை அல்ல, சட்டம். கடைக்காரர்களுக்கு ஒரு யோசனை: கல்லாவுக்குப் பின்னால் ஒரு உயரமான முக்காலியும், நிற்கும்போது ஒரு காலை மாற்றி மாற்றி வைக்கச் செங்கல் உயரத்தில் ஒரு பலகையும் போதும்.

மலைக்கு வந்து வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கும் இளைஞர்கள் மெத்தையில் சாய்ந்து மடிக்கணினியை மடியில் வைத்துக்கொள்கிறார்கள். பேர்தான் மடிக்கணினி, மடிக்கு அது ஆகாது. திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக வரும்படி நான்கு புத்தகத்தின் மேல் தூக்கி வைத்து, தனி விசைப்பலகை வாங்கிக்கொள்ளுங்கள்.

கைபேசியைப் பற்றி ஒரு படம் ஊரெல்லாம் சுற்றுகிறது. தலையை 60 பாகை குனிந்தால் கழுத்தில் 27 கிலோ ஏறுகிறது என்று. 2014இல் நியூயார்க் முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் கணினி மாதிரியில் போட்ட கணக்கு அது. கழுத்துக்குள் யாரும் அளக்கவில்லை. குனிந்து கைபேசி பார்ப்பவர்களுக்கெல்லாம் கழுத்து வலி வருவதாகவும் நிரூபணம் ஆகவில்லை. பயமுறுத்தி யாரையும் நிமிர்த்த முடியாது என்பது என் அனுபவம். கையைத் தூக்கிக் கைபேசியை முகத்துக்கு எதிரே கொண்டுவாருங்கள். கை சீக்கிரம் வலிக்கும், கைபேசியைக் கீழே வைத்துவிடுவீர்கள். இரண்டு லாபம்.

பள்ளிப் பைக்கு ஒரே வரி. பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது 2020இல் வந்த மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கை. 30 கிலோ பிள்ளைக்கு 3 கிலோ. வீட்டுத் தராசில் இன்றைக்கே நிறுத்துப் பாருங்கள்.

ஒரு கம்பு, ஒரு சுவர்

'நிமிர்ந்து உட்கார்' என்று அதட்டுவதால் யாரும் நிமிர்ந்ததில்லை. அதட்டியவர் போனதும் பழைய வளைவு வந்துவிடும். ராணுவ வீரன்போல் விறைத்து இருப்பதும் ஒரே நிலையில் உறைவதுதான். சரியான நிலை என்று ஒன்றைத் தேடாமல், வளைய வேண்டிய இடத்தில் வளையும் பழக்கத்தைத் தேடுங்கள். அதற்குக் கம்பு ஒன்று போதும்.

கம்பை முதுகுக்குப் பின்னால் நெட்டாகப் பிடியுங்கள். பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடுப்பகுதி, இடுப்புக்குக் கீழே குத்தெலும்பு மூன்றிலும் அது தொட வேண்டும். முழங்காலைச் சற்றே தளர்த்தி, புட்டத்தைப் பின்னால் தள்ளியபடி குனியுங்கள். மூன்று இடத்திலும் கம்பு ஒட்டியே இருந்தால் நீங்கள் தொடைமூட்டில் மடிகிறீர்கள். ஓரிடத்தில் விலகினால் முதுகில் மடிகிறீர்கள். நாளுக்குப் பத்து தடவை, இரண்டு வாரம் செய்தால் மூட்டை தூக்கும்போது உடம்பு தானாக அந்த வழிக்கு வரும்.

சுவரில் முதுகும் பின்மண்டையும் ஒட்டி நின்று, மோவாயைத் தூக்காமல் தலையை மெல்லப் பின்னால் அழுத்தி ஐந்து எண்ணி விடுங்கள். அதே இடத்தில் கைகளைச் சுவரோடு உரசி மேலே ஏற்றி இறக்குங்கள். பிறகு தரையில் நான்கு காலில் நின்று, வலக்கையையும் இடக்காலையும் நீட்டிப் பிடித்து, மாற்றிச் செய்யுங்கள். முதுகின் மேல் தண்ணீர்ச் சொம்பு வைத்தால் சிந்தக் கூடாது, அந்த நிதானம். மூன்றும் சேர்த்துப் பத்து நிமிடம். வலி கூடினாலோ காலுக்கு இறங்கினாலோ நிறுத்துங்கள்.

கூன் நோயாக வரும்போது

கூன்பாண்டியனைச் சம்பந்தர் நிமிர்த்தி நெடுமாறன் ஆக்கியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. கூன் நிமிரும் முன் அவனுக்கு வெப்பு நோய், அதாவது காய்ச்சல் கண்டிருந்தது. புராணத்தில் இரண்டுக்கும் காரணம் வேறு. ஆனால் காய்ச்சலும் கூனும் சேர்ந்து வந்தால் இன்றைய மருத்துவர் உடனே நிமிர்ந்து உட்காருவார். முதுகெலும்பில் வரும் காசநோய் நம் நாட்டில் அரிதல்ல. மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் எழுப்பும் முதுகு வலி, முதுகில் திடீரென ஒரு முண்டு: இவை இருந்தால் உடற்பயிற்சி வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள். காசநோய் மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். சரியான நேரத்தில் தொடங்கினால் குணமாகும்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்து, லேசாக இடறினாலே, சில சமயம் இருமினாலே கூட முதுகெலும்பு நசுங்கும். 'வயசாச்சு, கூன் விழுந்திடுச்சு' என்று விட்டுவிடுகிறோம். பாட்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைந்திருந்தால் எலும்பு அடர்த்தியைச் சோதிக்கச் சொல்லுங்கள். பத்திலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைகளைக் கைகளைச் சேர்த்துக் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மற்றதைவிட மேடாகத் தெரிந்தால் அது கெட்ட பழக்கத்தால் வந்ததல்ல, பக்கவாட்டு வளைவு. திட்டிப் பயனில்லை, எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீர் திடீரென வராமல் நின்றாலோ, மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போனாலோ, கால் இழுத்துக்கொண்டாலோ அன்றே, அந்த மணியே இறங்க வேண்டும். மலைப்பாதையில் போக நேரம் பிடிக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.

அடுத்த அறுவடையின்போது மறுபடி பூம்பாறைக்குப் போனேன். நெஞ்சு உயரக் கணை போட்ட களைச் சுரண்டி அக்கா வீட்டுத் தாழ்வாரத்தில் சாய்ந்து நின்றது. கொடியில் துணி மாட்டத்தான் அது உதவுகிறது என்றார். ஆனால் தோட்டத்து வாசலில், வண்டி வந்து நிற்கும் இடத்தில், உடைந்த கற்களை அடுக்கி மேலே ஒரு பலகை போட்டிருந்தார்கள். அதன்மேல் ஆறு பூண்டு மூட்டைகள். நானும் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது.

"இன்னும் ஒரு வரிசை கல் வைக்கலாமேக்கா?"

"எதுக்குத் தம்பி? எனக்குச் சரியாத்தானே இருக்கு. நீங்க உசரம்."